கடலுக்குப் போன ஆட்டோ

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சொருகிவிட்டு விளக்கு எரிகிறதா என்று மாலா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்து படகு இன்ஜின் சத்தம் கேட்டது. இரண்டு இழுப்பில் பிடிக்காமல் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

அவள் நிமிரவில்லை. பெட்டிக்குள் அவளுடைய அப்பா கோதண்டம் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய், உயிர் வழியிலேயே போய்விட்டது என்று அங்கே சொல்லி, எட்டு மணிக்கெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாகிவிட்டது. செய்தி கேட்டு மீஞ்சூரிலிருந்து ஓடிவந்த மாலாவும் அதே நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுத்து முடிக்கும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. கோயில் மைக்கில் தலைவர் சொல்வார், அவ்வளவுதான். பகையாளி செத்தாலும் அப்படித்தான். போன ஐப்பசியில், குடித்துக் குடித்து ஊரையே நாறடித்த ஒரு ஆள் செத்தபோதுகூட, அவனைத் திட்டிக்கொண்டேதான் வலையைச் சுருட்டி வைத்தார்கள். இன்றைக்கு மைக் வாயே திறக்கவில்லை. மூன்றாவது இன்ஜினும் பிடித்தது.

"யாரும்மா போறாங்க?" என்றாள் மாலா.

அம்மா லோகநாயகி பெட்டியின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை இடுப்புக் கொசுவத்தைத் தொட்டுப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தது. அங்கே சொருகியிருப்பது அப்பாவின் போன் என்று மாலாவுக்குத் தெரியும். புருஷன் செத்த சில மணி நேரத்தில் ஒரு பெண்பிள்ளை தாலியைத் தொட்டு அழுவாள், போனை எதற்குத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள் என்று மட்டும் தெரியவில்லை.

கோதண்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. போன் வாங்கின பிறகு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. மிஷின்களைப் படம் எடுப்பார். பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் மிஷினின் பல்சக்கரம், காட்டூரில் போர் போடுகிற லாரி, இறால் குட்டையில் தண்ணீரை அடிக்கும் சக்கரம், மாதா கோயில் திருவிழாவில் ராட்டினத்துக்கு அடியில் படுத்து எடுத்த மோட்டார். சாவு வீட்டுக்குப் போனால் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகக் குனிந்து ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸரை ஒரு படம். "கொஞ்சமாச்சும் வெக்கம் கீதாய்யா உனக்கு?" என்று லோகநாயகி தலையில் அடித்துக்கொள்வாள். "எவனோ ஒர்த்தன் ஒக்காந்து யோசிச்சிக்கீறான் பாரு" என்பார் அவர். மனுஷர்களை எடுக்க வராது. மாலாவை எடுத்த ஒரே படத்தில் அவர் கட்டைவிரல்தான் முக்கால்வாசி.

எடுத்ததையெல்லாம் மாலாவுக்கு அனுப்புவார். மீஞ்சூர் பக்கத்தில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்கிற பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மற்றவர்களின் அப்பாக்கள் காலையில் ரோஜாப்பூவும் முருகனும் அனுப்ப, இவளுக்குத் தண்ணீர் மோட்டார் வரும். முதல் மாதம் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் போட்டாள். இரண்டாம் மாதம் அவரை மியூட்டில் போட்டாள்.

அப்புறம்தான் அந்த ஆட்டோ விவகாரம். சுருக்குமடி என்கிற பெரிய வலையைக் கடலில் போடக்கூடாது என்று சட்டம். போட்டால்தான் சோறு என்று வயிறு. அந்த வலையை இழுக்க இருபது ஆள் வேண்டும். பூவரசன், கோதண்டத்துக்குத் தம்பி முறை, பழைய ஆட்டோ ஒன்றின் இன்ஜினை வாங்கிப் படகின் நடுவில் இறுக்கி, கயிறு இழுக்கும் வின்ச்சாக மாற்றிவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் செய்தார்கள். பூவரசன் படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த கோதண்டம், அந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "நல்லா எடுண்ணா" என்று பூவரசனே தார்ப்பாயை விலக்கிக் காட்டினான்.

தை மாசக் கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். கரையில் அத்தனை படகு கிடக்க, நேராகப் பூவரசன் படகுக்குப் போய்த்தான் தார்ப்பாயைத் தூக்கினார்கள். ஐந்து இன்ஜினும் ஐந்து வலையும் லாரியில் ஏறிப் போயின. "எங்களுக்கு போட்டோவே வந்திருக்கு" என்று அவர்களில் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். குப்பத்தில் போட்டோ எடுக்கிற ஆள் ஒருவர்தானே.

பூவரசன் ஒரு தடவை போனைக் காட்டச் சொன்னதோடு சரி, யாரும் கோதண்டத்திடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் போய் உட்கார்ந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகும். பூவரசன் தொழிலுக்குக் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது மாலாதான் நேராகக் கேட்டாள். "நீயா நைனா குடுத்த?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம். மீன் போட்டுக்க" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராவது அதிகாரி டீ வாங்கிக்கொடுத்து முதுகில் தட்டியிருப்பான், இந்த மனுஷன் பெருமையாகப் போனைத் திறந்து காட்டியிருப்பார் என்று மாலா முடிவு கட்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிறுகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வரவில்லை. கடைசியாகப் பார்த்தது அந்த மீன்சோற்றோடுதான்.

நாலாவது இன்ஜின், ஐந்தாவது இன்ஜின். மற்ற படகுகள் இறங்கவும் இல்லை, கரையேறவும் இல்லை. ஆண்கள் படகுகளின் ஓரத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டு இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு நாலு கழி வந்தது, ஐந்தாவது கழியைக் கேட்கப் போனவன் திரும்பவில்லை. வந்திருந்த பெண்கள்கூட வாசலோரமாக, எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். தோணிரேவிலிருந்து வந்து இறங்கிய அத்தை முத்தம்மாள் மட்டும், செத்தவரின் அக்கா, பெட்டிமேல் விழுந்து கதறினாள். கதறலுக்கு நடுவில் நிமிர்ந்து பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் தம்பியத் தூக்கறதுக்கு யாருடி கீறாங்க?" என்று சாதாரணக் குரலில் கேட்டாள்.

பத்து மணிக்குத் தலைவர் கிருஷ்ணன் வந்தார். கூடவே பூவரசன். பூவரசன் பந்தலுக்குள் வராமல் வெயிலிலேயே நின்றான்.

"மாலா, இங்க வாம்மா."

"மைக்ல சொல்லலியே பெரிப்பா."

"சொல்லணும். அதுக்குத்தான் வந்துக்கீறேன்." அவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அஞ்சு போட்டு கடல்ல எறங்கிடிச்சி. காட்டிக்குடுத்தவனுக்கு நாங்க இன்னாத்துக்குத் தொழில வுடணும்னு கேக்கறானுங்க. வவுறு எரிஞ்சவனுங்க. அவனுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"காட்டிக்குடுத்தாருன்னு யாரு பாத்தது?" என்றாள் மாலா. அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது. அவளே நம்பியதுதானே.

பூவரசன் வெயிலிலிருந்து சொன்னான். "அவரு போன குடு. யாருக்கு அனுப்பிக்கீறாருன்னு பாத்துடலாம். ஒண்ணும் இல்லன்னா நானே அவரு கால்ல வுழறேன். நானே மொத தோள் குடுக்கறேன்."

"செத்துப்போன மன்சன் போன்ல இன்னாத்தடா பாக்கப்போற?" என்று முத்தம்மாள் சீறினாள்.

"உயிரோட கீறச்சயும் கேட்டேன் அக்கா. சட்டைக்குள்ள வுட்டுக்கினு போய்ட்டாரு. மடியில ஒண்ணும் இல்லாதவரு ஏன் மறைக்கணும்?"

மாலா திரும்பிப் பார்த்தாள். லோகநாயகியின் கை இடுப்பை இறுகப் பிடித்திருந்தது.

"சார்ஜ் இல்ல சித்தப்பா. போட்டு எடுத்துனு வரேன்" என்றாள் மாலா. யோசிக்காமல் வந்த பொய்.

"அர மணி. அதுக்கு மேல கரையில கீறவனுங்கள என்னால நிறுத்த முடியாது" என்றார் கிருஷ்ணன்.

அடுப்படியில் அம்மாவும் மகளும் நின்றார்கள்.

"குடும்மா."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"குடுக்காதன்னு சொல்லிட்டுப் போய்க்கீறாரு. வலி வந்து ஒக்காந்தாரே, அப்ப. போன எடுத்து ஒளிச்சி வையின்னாரு. அதுக்கப்புறம் பேசல."

சாகிற நேரத்தில் பெண்டாட்டியிடம் போனை ஒளித்து வை என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன் எதையோ செய்திருக்கத்தான் வேண்டும். அப்படியானால் ஊர் சொல்வது சரி. இவரை யாரும் தூக்கமாட்டார்கள். ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் கைகால் பிடித்து, அநாதைப் பிணம் மாதிரி, கடலில் இன்ஜின் சத்தம் கேட்கக் கேட்க எடுத்துப் போக வேண்டும். மாலா அம்மாவின் இடுப்பிலிருந்து போனைப் பிடுங்கினாள். லோகநாயகி கையை ஓங்கினாள், அடிக்கவில்லை.

போனுக்குப் பூட்டு எதுவும் இல்லை. மறைக்க வேண்டியதை வைத்திருப்பவர் பூட்டுப் போடத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. லிப்ட்டுக்கு மேலே சுற்றும் பெரிய சக்கரம், அதை எங்கே ஏறி எடுத்தாரோ. ஐஸ் உடைக்கும் மிஷினின் பற்கள். முகத்துவாரத்தில் மண் வாரும் இயந்திரம், தூரத்தில், படகு ஆடியதில் கலங்கிப்போய். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போனபோது கட்டிலைத் தூக்கும் கைப்பிடி. தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு எடுத்தது, அது இந்த வீட்டு மிஷின். அதிகாரி யாராவது தெரிகிறாரா என்று மாலா தேடினாள். ஆட்டோ இன்ஜின் படங்கள் வந்தன. அழிக்காமல்தான் வைத்திருந்தார்.

வாட்ஸ்அப்பில் நாலே நாலு பேர் இருந்தார்கள். கேஸ் சிலிண்டர்காரர், ரேஷன் கடை, ஊர் குரூப், மாலா. ஊர் குரூப்பில் அவரை நீக்கியிருந்தார்கள். கேஸ்காரருக்கு ஒரு முகவரி மட்டும் போயிருந்தது. ஆட்டோ இன்ஜின் படங்கள் போயிருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

மாலா தன் பெயரைத் தொட்டாள். மேலே தள்ளிக்கொண்டே போனாள். அவர் அனுப்பியது, அனுப்பியது, அனுப்பியது. இவளிடமிருந்து எப்போதாவது "ம்". போகிப் பண்டிகை நாளில் வந்து நின்றாள். காலையில் அனுப்பிய ஆட்டோ இன்ஜின் படம் அங்கே இருந்தது. அதை அவள் பார்த்திருந்தாள். பார்த்துச் சிரித்திருந்தாள். அந்த ஒன்றை மட்டும், மியூட்டில் இருந்த அப்பாவின் ஆயிரம் படங்களில் அந்த ஒன்றை மட்டும், "ஆட்டோ கடலுக்குப் போச்சு" என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தாள். கூட வேலை செய்கிற சோபியா, சூப்பரா கீதுடி, ஒரு பேஜ்ல போடட்டா என்று கேட்டாள். போடு என்றாள். அங்கே எத்தனையோ ஆயிரம் பேர் லைக் போட்டார்கள். ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தது. அதோடு மறந்தும் போனாள்.

படத்துக்குக் கீழே, அன்றைக்குச் சாயங்காலம் அவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருந்தது. கேட்டிருந்தால் அந்த மைக் குறி நீலமாக மாறியிருக்கும். சாம்பலாகவே இருந்தது. போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு அழுத்தினாள்.

"மாலா, நைனா பேசறேம்மா. நீ போட்டோ வச்சிக்கீறியே, பாத்தேன். நல்லாத்தான் கீது. ஆனா ஓரத்துல பாரு, பூவரசன் போட்டு நம்பர் தெரியுது. அது தெரிஞ்சா வந்துடுவானுங்கம்மா. எடுத்துடு. யாருக்கும் அனுப்பிடாத, இன்னா? சாப்ட்டியா?"

மாலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்ஜினுக்குப் பின்னால், பலகையில், நீலப் பெயின்ட்டில், ஒரு எழுத்து விடாமல் இருந்தது. ஆட்டோவைப் பார்த்தவள் படகைப் பார்க்கவில்லை. மீன்பிடிக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள், படகு நம்பரைப் பார்க்கவில்லை.

"அழிச்சிடு" என்றாள் லோகநாயகி. கதவோரத்தில் நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அவருக்கு அழிக்கத் தெரியாது. எங்கிட்ட குடுத்து அழிக்கச் சொன்னாரு. எனக்கு மட்டும் தெரியுமா?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? ரெண்டு மாசம். நான் வேற போயி அவராண்டயே கேட்டேன்."

"சொல்லாதன்னாரு. நான் கெழவன், நாலு மாசம் பேசாம இருப்பானுங்க, அப்பால பேசிடுவானுங்க. வயசுப் பொண்ணப் பேச வுட்டா சாவற வரைக்கும் பேசுவானுங்கன்னாரு." லோகநாயகி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அழிச்சிட்டு, ஒண்ணும் இல்லன்னு குடுத்துடு. நாளைக்கு ஏலத்துல மீன் எடுக்க நான்தான்டி இவங்க மூஞ்சில முழிக்கணும். உனக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்கணும்."

மாலாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் கேட்டது இவரை? இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருப்பார்களா, கொன்றிருப்பார்களா? மீன் போட்டுக்க என்று சொல்லிவிட்டு இரண்டு மாசம் தனியாக டீ குடித்த மனுஷன். அப்புறம்தான் வெட்கம் வந்தது, அது உடம்பெல்லாம் சுட்டது.

விரலை அந்தப் பதிவின் மேல் வைத்து அழுத்தினாள். அழிக்கிற குறி மேலே வந்து நின்றது. அழிக்கலாம். அரை மணி உள்ளே இருந்துவிட்டு, ஒன்றுமே இல்லாத போனாக வெளியே போகும். அதை எவன் நம்புவான்? வேறு வீட்டில் நடந்திருந்தால் அவளே நம்பியிருக்கமாட்டாள். படகுகள் அரைமனதாக நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் காட்டிக்கொடுத்தவர் என்கிற பேச்சு அவரோடு சேர்ந்து குழிக்குள் இறங்காது, மேலேயே இருக்கும். அவருக்குச் சாட்சி சொல்ல அவர் குரல் ஒன்றுதான் இருந்தது.

"மாலா, நான் சொல்றேன் இல்ல" என்றாள் லோகநாயகி.

மாலா வெளியே போனாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சத்தத்தை முழுக்க வைத்து, போனைக் கிருஷ்ணனுக்கும் பூவரசனுக்கும் நடுவில் நீட்டினாள்.

பந்தலில் கோதண்டம் பேசினார். வாசலோரம் இருந்த பெண்களில் ஒருத்தி ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்ட்டியா என்று கேட்டு முடிந்ததும், ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

"இன்னொருவாட்டி போடு" என்றான் பூவரசன்.

போட்டாள். இரண்டாம் தடவை அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"அப்ப நீயா?"

"நான்தான் சித்தப்பா. ஸ்டேட்டஸ்ல வச்சேன். கூட வேல செய்றவ கேட்டா, போட்டுக்கன்னு குடுத்தேன். நம்பர் கீறத பாக்கல. அவரு சொன்னதயும் கேக்கல. இப்பத்தான் கேக்கறேன்."

பூவரசன் அவளைப் பார்க்கவில்லை. பந்தலுக்குள் வந்து, பெட்டியின் கால்பக்கம் மண்டிபோட்டு, நெற்றியைக் கண்ணாடியில் வைத்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லண்ணா" என்றான். எழுந்து கரைப் பக்கம் நடந்தான். போகிறவன் திரும்பி வருவானா என்று மாலாவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் போனை எடுத்துப் படகில் இருந்தவனைக் கூப்பிட்டு, கடலுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "வலைய ஏத்துடா. மீனு கெடக்குது, ஏத்து! சாவுடா, நம்மூட்டு சாவு!"

கிருஷ்ணன் கோயில் பக்கம் போனார். சற்றுப் பொறுத்து மைக் கரகரத்து, நம்ம ஊர் கோதண்டம் காலமாகிவிட்டார், யாரும் தொழிலுக்குப் போகவேண்டாம் என்றது. காட்டிக்கொடுத்தது பற்றி மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல மைக் தேவைப்படவில்லை. வாசலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து கரைக்கு, அது தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது.

முத்தம்மாள் எழுந்து வந்து மாலாவின் முன்னால் நின்றாள். "ரெண்டு மாசம் என் தம்பி நெஞ்சுல வச்சிக்கினு இருந்துக்கீறான்டி. அந்த நெஞ்சுதான்டி நின்னுபோச்சி" என்றாள். மாலா சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். ஐந்து படகும் திரும்பியிருந்தது. பூவரசன் முன்பக்கம் இடது தோள் கொடுத்தான். பின்னால் தூக்கியவர்களின் லுங்கி முழங்கால்வரை ஈரம். பந்தலுக்குக் கழி தராதவர்கள்கூடப் பின்னால் நடந்தார்கள். பறையும் சங்குமாக, எல்லாச் சாவுக்கும் போகிற மாதிரி அவர் போனார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் வழக்கமில்லை. முத்தம்மாள் லோகநாயகியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மற்றவர்கள் அந்த இருவரைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். மாலா நின்ற இடத்தில் மட்டும் யாரும் இல்லை. அவள் ஒரு அடி அவர்கள் பக்கம் நகர்ந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு ஒரு அடி தள்ளிப்போனாள். மாலா அதற்குப் பிறகு நகரவில்லை. வெயில் ஏறிய மணலில் செருப்பில்லாமல் நின்றாள்.

பறைச்சத்தம் ஏரிக்கரை திரும்பி மங்கியது. லோகநாயகி நாத்தனாரின் கையை மெல்ல எடுத்துவிட்டாள். கூட்டத்தை விட்டு விலகி, மணலில் நடந்து வந்து மாலாவின் பக்கத்தில் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் தோளிலிருந்து நழுவித் தரையில் புரண்ட துப்பட்டாவை எடுத்து, மணலை உதறி, சரியாகப் போட்டுவிட்டாள்.